மோவாய்ப் பொருத்தம்

“கிளிப்போ கத்தியோ, எதையாவது வெச்சு இந்தப் பொண்ணோட மோவாயைக் கொஞ்சம் வெளியே கொண்டாந்துடுங்க டாக்டர். அப்புறம்தான் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறதைப் பத்தியே பேச்சு!”

கும்பகோணத்துப் பல் கிளினிக்கில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஆணையிட்டாள் செந்தாமரை. ஜாதகம் பொருந்தி, தட்டும் மாற்றியாகிவிட்டது. நிச்சயதார்த்த ஆல்பத்தில் பக்கவாட்டில் எடுத்த ஒரு போட்டோதான் அவள் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

“மூஞ்சி எங்க முடியுது, கழுத்து எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல. வயலுன்னா ஒரு வரப்பு வேணாமா?”

வருங்கால மருமகள் ஜீவிதா வாயைத் திறக்கவில்லை. டாக்டர் சொன்ன பிறகுதான் திறந்தாள்.

டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். “மோவாய் ஆளுக்கு ஆள் மாறும்மா. சிலருக்குக் கூரா இருக்கும், சிலருக்கு உள்வாங்கி இருக்கும். நாங்க பார்க்கிறது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒழுங்கா சேருதாங்கிறதைத்தான். இவங்களுக்கு அழகா சேருது. கிளிப்பே வேண்டாம்.”

செந்தாமரைக்குப் பொசுக்கென்று போய்விட்டது. ஆனாலும் விடுவாளா? பக்கத்தில் நின்ற மகன் ஹரிஷை முன்னால் இழுத்தாள்.

“இதோ, எம் பையனைப் பாருங்க. மோவாய்ன்னா இப்படி இருக்கணும்!”

“தாடிதானேம்மா தெரியுது? தம்பி, பின்பல்லைச் சேர்த்துக் கடிங்க.”

ஹரிஷ் கடித்தான். டாக்டர் உதட்டை விலக்கினார். மேல் முன்பற்களும் கீழ் முன்பற்களும் மட்டும் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட்டு நின்றன.

“வைத்தியம் வேணும்னா இவருக்குத்தான். கீழ்த்தாடை நல்லா பின்னாடி இருக்கு. கிளிப் போதுமா, ஆபரேஷனும் வேணுமான்னு எக்ஸ்ரே பார்த்துச் சொல்றேன்.”

செந்தாமரை முகத்தில் ஈயாடவில்லை. பெண் தேட ஆரம்பித்த அன்றைக்கே மகனைத் தாடி வளர்க்கச் சொன்னவள் அவள்தானே!

வெளியே வந்ததும் ஜீவிதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அதிகாரமெல்லாம் போய்க் குரல் கெஞ்சியது.

“அம்மாடி, இது உங்க வீட்டுக்குத் தெரியவேணாம். கல்யாணத்தை நிறுத்திடப் போறாங்க.”

“எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும் அத்தை. பொண்ணு பார்க்க வந்தப்பவே இவரு முறுக்கைக் கடிக்க முடியாம ஓரமா தள்ளித் தள்ளித் தவிச்சதை அம்மா பார்த்துட்டாங்க. மாப்பிள்ளை நாலு பேர் முன்னாடி சங்கடப்படக் கூடாதுன்னுதான், நிச்சயத்துக்கு முறுக்கே சுடாம அசோகா அல்வா கிண்டினாங்க.”