மூச்சு வாங்கும் இடம்

மேலாளர் கழற்றச் சொன்ன அடுக்கைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறாள். கிடங்கில் பேச்சைக் கேட்டு ஏறியிறங்கும் லிஃப்டுக்கு நியூரல் நெட்வொர்க், அதாவது பேச்சை அடுக்கடுக்காக அலசிப் புரிந்துகொள்ளும் கணினி நிரல், செய்பவள் அவள். அங்கே மூட்டை தூக்குபவன் அவள் அண்ணன். வழக்கமான அடுக்கு, அவன் மூச்சு வாங்கினாலே பேச்சு முடிந்ததென்று லிஃப்டைக் கிளப்பிவிடுகிறது. அவள் போட்ட மாற்று அடுக்கு, அவன் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருக்கும். "ஊரே பழசைத்தான் போடுது, உனக்கென்னம்மா தனி வழி? உங்கண்ணனை மூச்சு வாங்காம பேசச் சொல்லேன்," என்று சாவிக்கொத்தை ஆட்டிச் சிரிக்கிறார் மேலாளர். "முதுகுல மூட்டையோட நீங்க பேசிக் காட்டுங்க சார், கழட்டிடறேன்." ஜன்னல் வெயில் கணினித் திரையில் பட்டுக் கூசுகிறது. அண்ணன் லிஃப்டிடம் பேசிய பதிவை ஓடவிடுகிறாள். "மேல போ..." ஸ்பீக்கரில் அண்ணனுக்கு இரைக்கிறது. திரை அசையவில்லை. சாவிச் சத்தமும் நின்றுவிடுகிறது. "...நான் காலை வெளிய எடுத்தப்புறம்." அதன்பிறகே திரையில் அவன் சொன்னது முழுசாக விழுகிறது. மேலாளரைத் திரும்பிப் பார்க்காமல் அடுத்த பதிவைப் போடுகிறாள்.