கோள் இல்லாத நட்சத்திரம்

கரிசல் காட்டு வெயில் கோவில்பட்டிக் கல்லூரியின் இயற்பியல் அறைக்குள் கண் கூச அடிக்கிறது. வாசலில் நிருபர்கள் கடலைமிட்டாய் கடிக்கிறார்கள். துறைத்தலைவர் மணிராஜ் அலமாரிக் கண்ணாடியில் தலை சீவியபடியே, புதுக் கோள் கண்டுபிடித்ததாகச் சொல்லும் அறிக்கையை விரிவுரையாளர் ஷாஹினாவிடம் நீட்டுகிறார். அவள் கணினித் திரையைத் திருப்புகிறாள். மங்கிய நட்சத்திரமொன்றின் ஒளி கூடிக் குறைவதைக் காட்டும் கோடு. மூன்று மாதமாக அவள் அளந்தது.

"வெளிச்சம் ஒருதடவை நிறையக் குறையுது, மறுதடவை கொஞ்சமாக் குறையுது சார். கோள் மறைச்சா ஒவ்வொரு தடவையும் ஒரே அளவுதான் குறையும். ரெண்டு நட்சத்திரம் ஒண்ணையொண்ணு மறைக்குது. அங்கன கோளே இல்ல."

"ஏம்மா, அதையெல்லாம் எவன் பாக்கப் போறான்? பொன்னாடையே வாங்கியாச்சு." சீப்பை ஊதிப் பையில் செருகுகிறார்.

அந்தச் சீப்புக்கு இருக்கும் மரியாதைகூட நட்சத்திரத்துக்கு இல்லை. ஷாஹினா அறிக்கையில் அவர் பெயருக்குக் கீழிருந்த தன் பெயரைப் பேனாவால் தாள் கிழியும்படி அழுத்தி அடிக்கிறாள். குனிந்து பார்த்த மணிராஜின் முகம் மலர்கிறது.

"நல்லதாப் போச்சு. ஒத்தப் பேருன்னா எழுத்தைப் பெருசாப் போடலாம்லா."