ஒரு மணி நேரச் சுற்றுப்பாதை

வரைபடம் ஊற்றுத் தண்ணீரில் மிதந்து போனதற்குத் தெல்ஃபின் யாரையும் குறை சொல்ல முடியாது. காற்றில் பறக்காமல் இருக்க அதன் மேல் தண்ணீர் பாட்டிலை வைத்தவன் அவன்தான். பிறகு தாகமெடுத்து, அந்தப் பாட்டிலைக் காலி செய்து திரும்ப அதே இடத்தில் வைத்தவனும் அவன்தான்.

“ரெண்டு நாளா உக்காந்து வரைஞ்சது,” என்றான், பாறையிடுக்கில் நுழைந்து மறையும் காகிதத்தைப் பார்த்தபடி.

“கப்பல்ல உன்னைச் சமையலுக்குத்தானே எடுத்திருக்காங்க?” என்றாள் லுதிவினா. “வழி பாக்குற வேலைக்கு இல்லையே. அந்தக் கப்பல் பிழைச்சுது.”

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரம் வந்தால் பனஹாவ் மலையில் யாத்திரிகர்கள் குவிந்துவிடுவார்கள். தேவாலயத்திலிருந்து ஊற்றுக்கு ஏறி, மூங்கில் தோப்பு வழியாக இறங்கி வர ஒரு மணி நேரச் சுற்றுப்பாதையைத் திட்டமிடும் பொறுப்பை ஊர்க் கமிட்டி இவர்கள் இருவரிடமும் விட்டிருந்தது. “நீ போறதுக்குள்ள ஒரு தடவை நடந்து பாத்து முடிச்சுக் குடுத்துடு” என்று நேற்று லுதிவினாதான் கூப்பிட்டாள்.

மணிலா பஸ் இரண்டு மணிக்கு. அதை விட்டால் கப்பல் வேறொரு சமையல்காரனை ஏற்றிக்கொண்டு போய்விடும். அப்படியிருந்தும் தெல்ஃபின் பையைத் தேவாலய வாசலில் வைத்துவிட்டு மலையேறியது பாதைக்காக இல்லை. ‘போகாதே’ என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் பையைப் பிரித்து, சட்டைகளைத் திரும்பக் கொடியில் மாட்டிவிடத் தயாராக இருந்தான்.

“லூதி, ரெண்டு வருஷம். போகவா, வேண்டாமா?” ஒரு மாதத்தில் இது ஏழாவது தடவை.

“மழை வர்ற மாதிரி இருக்கு. நட.”

வரைபடம் இல்லாததால் அவள் முன்னால் நடந்தாள். அவளுடைய கறுப்புச் சட்டையின் கழுத்தில் தைத்த அளவுச் சீட்டு வெளியே துருத்திக்கொண்டு இருந்தது. காலையிலிருந்தே சொல்லலாமா என்று தெல்ஃபின் யோசித்தான். ஒரு பெண்ணின் சட்டையில் குறை சொல்லி நல்ல பெயர் வாங்கியவன் யாரும் அவனுக்குத் தெரிந்து இல்லை. விட்டுவிட்டான்.

இடி விழுந்து பிளந்த சாந்தோல் மரத்தைத் தாண்டினார்கள். கால் மணி நேரம் கழித்து இன்னொரு பிளந்த சாந்தோல் மரம் வந்தது. மூன்றாவதும் வந்தபோது தெல்ஃபின் நின்றுவிட்டான். கைக்கடிகாரம் ஒன்று முப்பத்தைந்து காட்டியது. அதைக் குலுக்கிப் பார்த்தான், ஒன்று முப்பத்தாறு ஆனது.

“இது அதே மரம்.”

“சுத்துப்பாதைன்னா சுத்தத்தானே செய்யும்?”

“விளையாடாத. இது அவன் வேலை.”

அவன் என்றால் திக்பாலாங். மலையேறுகிறவர்களை ஒரே இடத்தில் சுற்றவிட்டு, கிளையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் குதிரைத்தலைப் பூதம். சட்டையை உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போட்டுக்கொண்டவனிடம் மட்டும் அவன் வித்தை பலிக்காது என்பது அந்த மலையில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் தெரியும்.

தெல்ஃபின் சட்டையைக் கழற்றினான். கப்பல் கம்பெனியில் கண்ணியமாகத் தெரிய வேண்டுமென்று வாங்கிய புதுச்சட்டை. திருப்பிப் போட்டதும் சட்டைப்பையின் தையலும் நூல் பிசிறுகளும் வெளியே வந்தன. பொத்தான்கள் உள்ளே போய்விட்டதால் போடக்கூட வரவில்லை.

“நீயும் திருப்பிப் போட்டுக்க. நான் அந்தப் பக்கம் பாக்குறேன்.”

“எனக்கு வேண்டாம்.”

“வெக்கப்படுற நேரமா இது? பஸ் போயிடும்.”

“வேண்டாம்னு சொன்னேன்ல.”

கோபத்தில் இந்தமுறை தெல்ஃபின் முன்னால் நடந்தான். பத்தே நிமிடத்தில் மூங்கில் தோப்பு வந்தது. தோப்பைத் தாண்டினால் கீழே தேவாலயம், வாசலில் அவன் பை, தெருவில் மணிலா பஸ். சட்டையின் மகிமையை எண்ணி அவன் உடம்பு சிலிர்த்தது.

சரிவில் ஓட ஆரம்பித்தான். பாதித் தூரத்தில் பஸ் இரண்டு முறை ஹாரன் அடித்தது. மூன்றாவது ஹாரன் திருப்பத்துக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டது.

தெல்ஃபின் அப்படியே ஒரு கல்லில் உட்கார்ந்தான். லுதிவினா நிதானமாக இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

“போச்சு,” என்றான். “முதல் சுத்துலயே உனக்குத் தோணியிருக்க வேண்டாமா? முன்னால நடந்தது நீ. சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தா வழி தெரிஞ்சிருக்கும். போன்னும் சொல்ல மாட்ட, போகாதன்னும் சொல்ல மாட்ட. ஒரு சட்டையைத் திருப்பிப் போடக்கூட உனக்கு மனசு வரல.”

லுதிவினா தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கூந்தலை ஒதுக்கி, துருத்திக்கொண்டிருந்த சீட்டை விரலால் தடவினாள்.

“நான் காலையில வீட்லயே திருப்பிப் போட்டுக்கிட்டுத்தான் கிளம்பினேன்.”