இயற்கையான மேடு

“ஞாயித்துக்கெழம வெலைக்கு வாங்க ஆள் வருவான். கம்ப்யூட்டர எட்த்து குட்த்துடு” என்று மகனிடம் சொல்லிவிட்டு, அசோகன் சாப்பிட உட்கார்ந்தார்.

பாரி திரையில் ஒரு மலையைச் செதுக்கிக்கொண்டிருந்தான். சின்னச் சின்னக் கட்டமாக மண்ணும் கல்லும் அடுக்கி, ஊரையே கட்டுகிற விளையாட்டு அது. மலை வேண்டும், ஆறு வேண்டும் என்று வெளிநாட்டிலிருந்து யார் யாரோ அவனிடம் கேட்கிறார்கள். கட்டிக் கொடுத்தால் கூலி வருகிறது. படிப்பு முடிந்ததிலிருந்து அவனுக்கு அதுதான் பிழைப்பு.

அசோகனுக்கு அது பிழைப்பாகத் தெரியவில்லை. வயசுப் பையன் வீட்டுக்குள் உட்கார்ந்து பொய் மண்ணைக் கொட்டிக்கொண்டிருக்கிறான் என்று வியாசர்பாடியே சிரிக்கிறதாம். அவர் கொட்டுவது நிஜ மண். எண்ணூர்ப் பக்கம் ஒரு காண்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராக இருக்கிறார்.

அசோகன் மனைவி ரமாபாய்க்குக் கவலையாக இருந்தது. அந்தப் பெட்டியும் போய்விட்டால் பிள்ளை என்ன செய்வான்? அவரிடம் சொல்லிப் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள். அவர் மோர் கேட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் அசோகன் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, மகனுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சண்டைதான் என்று ரமாபாய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

“இந்த மலைய நீதான கட்டுன? கட்ன மாரியே இல்லியே. எப்டி?” என்றார்.

பாரி ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தான். நேர்கோடு எங்கே இருந்தாலும் முதலில் அதை உடைக்கணுமாம். சரிவு மேலிருந்து கீழே ஒரே சீராக வந்தால் மனுஷன் கை பட்டது தெரிந்துபோகுமாம். ஒரே மண்ணைப் போட்டால் பெயின்ட் அடித்தது மாதிரி இருக்குமாம். நாலு மண்ணைக் கலக்கணுமாம். மரத்தை வரிசையாக நடக்கூடாது, ஒரு பெரியது, அதைச் சுற்றிச் சில சின்னது, பிறகு கொஞ்சம் வெட்டவெளி.

அப்பனும் பிள்ளையும் இவ்வளவு நேரம் பேசி ரமாபாய் பார்த்ததில்லை.

அப்புறம்தான் அசோகன் விஷயத்துக்கு வந்தார். கழிமுகத்தில் தண்ணீரை மூடி மண் கொட்டியிருக்கிறார்கள். அடுத்த வாரம் ஆபீசர்கள் பார்க்க வருகிறார்கள். ஆதியிலிருந்தே அது மேடுதான் என்கிற மாதிரி தெரியணும். முதலாளி ரொம்ப பேஜார் பண்ணுகிறார்.

“எந்த எடம் நைனா?”

“காத்திவாக்கத்தாண்ட.”

ரமாபாய்க்கு அந்த இடம் தெரியும். பாரியோடு பந்து ஆடுகிற ஜெயவேலுக்கு அந்த ஊர்தான். அவன் அம்மா செங்கொடி, அந்தக் கழிமுகத்தில் இடுப்பளவு இறங்கி, கையாலேயே துழாவி இறால் பிடித்துப் பிள்ளைகளை வளர்த்தவள். பாரியும் அங்கே போனால் முழங்கால் வரைக்கும் கறுப்புச் சேற்றோடுதான் திரும்புவான். இவன் முடியாது என்று சொல்லிவிடுவான் என்று நினைத்தாள். சொல்லிவிட்டால் கம்ப்யூட்டர் போய்விடுமே என்றும் நினைத்தாள்.

பாரி முடியாது என்று சொல்லவில்லை. திரையில் தண்ணீர் ஓரமாகக் கூழாங்கற்களை இறைத்துக் காட்டினான். சாம்பலும் வெள்ளையும், பெரிதும் சின்னதும், சிலது பாதி புதைந்தும். ஆயிரம் வருஷமாகத் தண்ணீர் உருட்டிய கரை மாதிரியே இருந்தது.

“ஆளுங்க மொதல்ல கரையத்தான் பாப்பாங்க நைனா. அங்க இப்டி கூழாங்கல்லு எறச்சு வுடு. அப்பால ஒண்ணியும் கேக்கமாட்டாங்க.”

“சோக்கா கீதுடா” என்றார் அசோகன். தினமும் அந்தச் சேற்றில் நிற்கிறவர்தான். ஆனால் திரையில் பார்த்த கரையை அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அங்கேயே போன் போட்டு, கம்ப்யூட்டர் வாங்க வேண்டியவனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ரமாபாய் புத்தர் படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். கண்ணை மூடினால் செங்கொடி முகம் வந்தது. அதனால் கண்ணைத் திறந்துகொண்டே கும்பிட்டாள்.

அடுத்த வாரம் அசோகன் பொழுதோடு வீடு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். ஆபீசர்களுக்கு மேடு பிடித்திருந்ததாம். சரிவு, மரம், புல்லு எதிலும் குறை சொல்லவில்லையாம். கரைக்குப் போன ஒரு ஆபீசர் அம்மா மட்டும் குனிந்து ஒரு கல்லைக் கையில் எடுத்து, இந்த உப்புச் சேற்றில் கூழாங்கல் எந்த மலையிலிருந்து உருண்டு வந்தது என்று கேட்டாராம். உடனே தோண்டச் சொல்லிவிட்டார். தோண்டினால், அடியில் அதே கறுப்புச் சேறு. கொட்டின மண் மொத்தத்தையும் அள்ளிவிட்டுத் தண்ணீருக்கு வழி விடணும் என்று உத்தரவு.

“இவன் பேச்ச கேட்டு லாரில கல்லு எறக்குனேன் பாரு” என்று எழுந்தார். கை கம்ப்யூட்டர் பக்கம் போயிற்று.

ரமாபாய் குறுக்கே வந்தாள். “வெளையாட்டுல பாத்தத சொல்லிட்டான். அவனுக்கு சேத்தப் பத்தி இன்னா தெரியும்? வுட்ருங்க.”

அசோகன் நியாயஸ்தர். கொஞ்சம் யோசித்தார். தெரியாமல் சொல்லியிருந்தால் கம்ப்யூட்டர் இருக்கட்டும் என்றார். பிறகு மகனைப் பார்த்தார்.

“அங்க கூழாங்கல்லு கெடையாதுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

காலையில்தான் பொய் சொல்ல மாட்டேன் என்று பஞ்சசீலம் ஓதிய ரமாபாய், புருஷன் முதுகுக்குப் பின்னால் நின்று, தெரியாது என்று சொல்லச் சொல்லித் தலையை ஆட்டிக் காட்டினாள்.

பாரி அம்மாவைப் பார்த்தான். குனிந்து பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்.

“தெரியும் நைனா.”