இடது பக்கம் சாய்ந்த கோடு

“எஞ்சின் மாத்தினது. அசல் கார்னு சான்றிதழ் தர முடியாது,” என்றார் நடுவர் கோஸ்லோ.

கார்க்காரன் ஓடெலின் முகம் செத்துப்போனது. டெட்ராய்ட் பழைய கார் கண்காட்சிக்காக அந்த 1970ஆம் வருடத்துக் காரை ஒன்பது வருடம் செப்பனிட்டிருந்தான்.

“நானூறு குதிரைத்திறன் சார். எஞ்சின் நம்பரும் கார் நம்பரும் பொருந்துதே!”

“நம்பரை எவன் வேணா பொறிக்கலாம். இந்த மஞ்சள் கோட்டைப் பாரு. எஞ்சினை ஓட்டிப் பாத்துட்டு ஃபேக்டரியில கையால போடுற கோடு. முந்நூறு எஞ்சின் பாத்திருக்கேன், எல்லாம் வலது பக்கம் சாயும். இது இடது பக்கம் சாயுது, முனையில கொக்கி வேற. உன் கொட்டகையில போட்டது.”

வேடிக்கை பார்த்த கூட்டத்திலிருந்து ஒரு வயதான அம்மாள் ஹாட் டாக்கை மென்றபடி வந்து எஞ்சின் மேல் குனிந்தாள்.

“தள்ளி நில்லுங்கம்மா. இது சமையல் அடுப்பு இல்ல,” என்றார் கோஸ்லோ.

“ஸ்டார்ட் பண்ணு தம்பி,” என்றாள் அவள் ஓடெலிடம்.

எஞ்சின் உறுமியது. கோஸ்லோவின் காபிக் கோப்பை மேசையிலேயே நகர்ந்தது. காது கொடுத்துக் கேட்டவள், தலையாட்டினாள். ஹாட் டாக்கை வலது கைக்கு மாற்றிக்கொண்டு, கோஸ்லோவின் பேனாவைப் பிடுங்கி, அவருடைய மதிப்பெண் அட்டையில் இடது கையால் ஒரு கோடு இழுத்தாள்.

அதே இடது சாய்வு. முனையில் அதே சின்னக் கொக்கி.

“நீ பாத்த முந்நூறும் அந்த ஃபேக்டரியில ரே வலது கையால போட்டது. பகல் ஷிஃப்ட். ராத்திரி ஷிஃப்ட்ல நான் மூணே மாசம்தான் இருந்தேன், அதான் நீ பாக்கல.”

பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

“சான்றிதழை நிதானமா எழுது. நான் அடுப்புல ஒண்ணும் வெச்சிட்டு வரல.”