செண்பகவல்லியின் போணி

எங்கள் கடைவீதியில் பத்து ரூபாய் நாணயத்தை யாரும் வாங்க மாட்டார்கள். சிங்கம் பொறித்த அரசாங்கக் காசுதான். செல்லாது என்று யார் கிளப்பிவிட்டதோ! பூக்காரி செண்பகவல்லியின் கூடையில் அப்படி ஒன்று எப்படியோ வந்து விழுந்துவிட்டது. மூன்று நாளாக அதை நீட்டாத கடையில்லை.

“செல்லாதுக்கா, வேற குடு” என்றான் டீக்கடை மரியதாஸ்.

நான்காம் நாள் காலை அவள் ஒரு முழம் மல்லிகையை அளந்து நறுக்கினாள். அந்தக் காசைத் தன் இடது கையால் நீட்டி, வலது கையால் தானே வாங்கி, கண்ணில் ஒற்றிச் சுருக்குப்பையில் போட்டாள். பூவைத் தன் கொண்டையிலேயே வைத்துக்கொண்டாள். இருபது வருடமாக, விற்காமல் வாடியதை மட்டுமே சூடியவள்.

“போணி ஆயிருச்சு! யாருய்யா செல்லாதுன்னது?” என்று தெருவுக்கே கேட்கச் சொன்னாள்.

மரியதாஸ் கல்லாவின் அடியைத் துழாவி, ஒளித்து வைத்திருந்த பத்து ரூபாய்க் காசோடு வந்தான். “அப்ப எனக்கும் ஒரு முழம் குடுக்கா, வீட்டுக்கு.”

பூவைக் கொடுத்தவள், அவன் தந்த அதே காசை அவனிடமே நீட்டினாள். “ஒரு டீ. சக்கரை தூக்கலா.”

மரியதாஸ் காசைப் பார்த்தான். கையிலிருந்த பூவைப் பார்த்தான். சிரித்துக்கொண்டே வாங்கிக் கண்ணில் ஒற்றினான்.

அதற்குள் பழக்கடைக்காரர் வேட்டி மடிப்பைத் துழாவியபடி ரோட்டைக் கடந்து வந்துகொண்டிருந்தார்.