மதுக்கடை மாடி

துறைமுகத்துக்குப் போகும் தெருவில், ஒரு காலத்தில் கப்பல்காரர்கள் குடித்த மதுக்கடையை இடிக்கும் வேலை பெர்க்மான்சுக்குக் கிடைத்தது. அவருடைய அண்ணன் லாரன்ஸ் அந்தக் கடை மாடியிலேயே கிடந்தவர். ராத்திரியானால் பெர்க்மான்ஸ்தான் போய்த் தாங்கிக் கூட்டிவருவார். பிறகு லாரன்ஸ் தோணியில் மாலத்தீவுக்குப் போனார். தோணியும் வரவில்லை, அவரும் வரவில்லை.

மாடித் தளத்தையும் மரப்படியையும் முதலிலேயே கழற்றியாயிற்று. நாலு சுவரும், அந்தரத்தில் திறந்து நின்ற மாடிக் கதவும்தான் மிச்சம்.

மத்தியானம் சித்தாள் பேச்சித்தாய் வந்தாள். "அண்ணாச்சி, மாடியில ஒருத்தரு உக்காந்திருக்காரு. எறங்கச் சொன்னா, தம்பி வரட்டும்ங்காரு."

"ஏளா, மாடி எங்கன இருக்கு?"

"அதான் எனக்கும் வெளங்கல."

பெர்க்மான்சுக்குப் பயம் வரவில்லை. பழைய அலுப்புதான் வந்தது. கதவுக்கு நேர் கீழே போய் நின்றார்.

"எறங்கி வாங்கண்ணே. வீட்டுக்குப் போவோம்."

மேலே நாற்காலி நகர்ந்தது. பிறகு மரப்படியில் தடுமாறித் தடுமாறி இறங்கும் காலடிகள் கேட்டன. அவர் வழக்கம்போல் ஒதுங்கி நின்று தோளைக் கொடுத்தார். தோள் கனத்துத் தாழ்ந்தது.

"இனி இடிக்கச் சொல்லுளா," என்று பேச்சித்தாயிடம் சொல்லிவிட்டு, ஒரு பக்கம் சாய்ந்தபடியே, வெயிலில் மெல்ல வீட்டைப் பார்த்து நடந்தார்.